ஐந்து மணிப் பாட்டு

நிஷிவாக்கி அந்தப் பாட்டை முணுமுணுப்பதை இட்சுகோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்குச் சீட்டுகளைப் பாட்டுவாரியாகப் பிரித்து, ஐம்பது சேர்ந்ததும் ரப்பர் வளையம் போட்டு, நீள மேசையில் வரிசையாக வைக்கிற வேலை. நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பேரிடர்த் தடுப்புப் பிரிவு, வெள்ளிக்கிழமை மதியம். எண்ணுவது அவளும் அடுத்த மேசை மிசாட்டோவும்தான். நிஷிவாக்கி எண்ண வரவில்லை. சூரைக் கருவாட்டுக் கடை முதலாளி, ஊர் வளர்ச்சிக் குழுவின் தலைவர். முடிவு தன் முன்னால் வந்தால்தான் அது முடிவு என்று நினைக்கிறவர். மூன்றாவது கோப்பைத் தேநீரைக் குடித்துக்கொண்டு, பல்லவியை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்.

நாமியுராவில் தினமும் மாலை ஐந்து மணிக்கு முப்பத்தொரு ஒலிபெருக்கிகளிலும் மணியோசையில் ஒரு மெட்டு ஒலிக்கும். பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். சுனாமி எச்சரிக்கை வருகிற நாளில் ஒலிபெருக்கி ஊமையாக நின்றுவிடக் கூடாது, அதைத் தினமும் ஒருமுறை வாய்திறக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. ஐம்பது வருஷமாக ஒரே குழந்தைப் பாட்டு. இந்த வருஷம் குரோஷியோ மோட்டார்ஸ் இசைக்குழுவுக்கு நாற்பது வயது. நாடு முழுக்கத் தெரிந்த அந்த ராக் குழுவில் பாடுகிற தோகுரா இந்த ஊர்ப் பையன். பெற்ற ஊர் சும்மா இருக்குமா? அவர்களுடைய பாட்டுகளில் மிகவும் பிரபலமான பத்தைச் சீட்டில் அச்சடித்து, வீட்டுக்கு வீடு சுற்றும் அறிவிப்பு அட்டையோடு அனுப்பினார்கள். எந்தப் பாட்டு ஐந்து மணிக்கு வேண்டும், ஏன் வேண்டும், பெயர், வயது. அவ்வளவுதான்.

"எதுக்கும்மா எண்ணிக்கிட்டு? முப்பத்தஞ்சு வருஷமா எந்தப் பத்திரிகை ஓட்டெடுப்பு நடத்தினாலும் 'இன்னும் எட்டு நாள்'தான் ஃபர்ஸ்ட்டு" என்றார் நிஷிவாக்கி.

"ஃபர்ஸ்ட்டு வர்றதெல்லாம் நல்ல பாட்டா சார்? கல்யாணத்துல கேக் வெட்டும்போது போடற பாட்டு அது" என்றாள் மிசாட்டோ. அவளுக்கு முப்பத்தொன்று. அந்தக் குழுவின் கச்சேரிக்கென்றே வருஷத்தில் இரண்டு முறை விடுப்புப் போடுகிறவள். "உண்மையான ரசிகருங்களைக் கேட்டுப் பாருங்க. 'ஆகஸ்டின் முதுகு'ன்னுதான் சொல்வாங்க. இல்லைன்னா 'மீன் லாரி.' 'எட்டு நாள்' பிடிக்கும்னு சொன்னா அவங்க வேற பாட்டே கேட்டதில்லைன்னு அர்த்தம்."

"உண்மையான ரசிகன்கிட்டதான் பேசிட்டிருக்கே. நானும் தோகுராவும் ஒரே பெஞ்சு, தெரியும்ல? என் டிபன்ல இருந்து முட்டையைப் புடுங்கித் தின்ன பய அவன்."

இட்சுகோ சீட்டுக்கட்டை மேசையில் தட்டிச் சீராக்கினாள். நிமிராமலே கேட்டாள். "நீங்க புடிச்சது அவனோட வலது கையா, இடது கையா சார்?"

முணுமுணுப்பு நின்றது. "என்ன கையி?"

"ஸ்கூல் கேட்டுல. எண்பத்தொண்ணு அக்டோபர்ல."

ஆறு மாதமாக எத்தனையோ கூட்டங்களில் அடக்கி வைத்தது, இப்படி ஒரு தேநீர் நேரத்தில் வந்து விழுந்தது. அந்தக் காலத்தில் நாமியுரா நடுநிலைப் பள்ளியில் பையன்கள் மொட்டையாக, ஒட்ட வெட்டின தலையோடு வர வேண்டும். பெண்களுக்கு முன்முடி புருவத்தைத் தொடக் கூடாது. காலையில் கேட்டில் ஒழுங்கு வாத்தியார் நிற்பார், ஒரு கையில் இரும்பு ஸ்கேல், ஒரு கையில் கத்தரி. அந்த வாத்தியார் ஒகாபயாஷி முனேகாசு. இட்சுகோவின் அப்பா. ஒன்பதாம் வகுப்பு தோகுராவின் அம்மா ஆகஸ்டு கடைசியில் இறந்துபோனாள். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடியும்வரை தலையில் கத்தி படக் கூடாது என்று அவன் தாத்தா சொல்லியிருந்தார். கடல்புறக் குடும்பங்களில் சிலர் அப்படி இருப்பது வழக்கம்தான். நாற்பத்தோராம் நாள் காலையில் கேட்டில் அவனை நிறுத்தினார்கள். "இன்னும் எட்டு நாள் சார்" என்றான் பையன். எதற்கென்று அப்பா கேட்கவில்லை. "விதியில நாள் கணக்கெல்லாம் கிடையாது" என்றார். பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு பையன்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கச் சொன்னார். அதில் ஒருவன் நிஷிவாக்கி. பதின்மூன்று வயது இட்சுகோ அதே வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

எட்டு வருஷம் கழித்து அந்த எட்டு நாள் பாட்டாக வந்தது. காதலி ஊரை விட்டுப் போகிறாள், பையன் எட்டு நாள் கேட்கிறான் என்று ஊர் உலகமே நம்பியது. தோகுராவும் மறுக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் 'வாசலில் நிற்கிறவனே' என்று ஒருவனைத் திட்டுகிறானே, அது பெண்ணின் அப்பாவாம். கச்சேரியில் அந்தச் சரணம் வரும்போது தோகுரா பாடுவதில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவான். பல்லாயிரம் பேர் சிரித்துக்கொண்டே பாடுவார்கள்.

வாசலில் நிற்கிறவனே, எனக்கு வலிக்கவில்லை
கீழே விழுந்ததை நீயே பெருக்கு
வீட்டுக்குப் போய் உன் பெண்ணின் தலையைத் தடவும்போது
உன் கை நாறட்டும், கடைசிவரை நாறட்டும்

முப்பத்தைந்து வருஷமாக ஒகாபயாஷி வீட்டில் அந்தப் பாட்டு முழுதாக ஒலித்ததில்லை. தொலைக்காட்சியில் முன்னிசை தொடங்கினாலே இட்சுகோ ரிமோட்டைத் தேடிப் பாய்வாள். கடையில் ஒலித்தால் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். கணவனை விட்டுப் பிரிந்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்த பிறகு, இந்தக் காவல் இன்னொரு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. இனிமேல் தினமும், மழையானாலும் வெயிலானாலும், வீட்டுக்கு எதிரே கம்பத்தில் இருக்கிற ஒலிபெருக்கியே அதைப் பாடப் போகிறது. எந்த ரிமோட்டால் அதை நிறுத்துவது?

குழுக் கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டுத்தான் பார்த்தாள். சீட்டில் இருக்கிற பாட்டுகளின் வரிகளை யாராவது படித்தீர்களா என்றாள். மெட்டுக்கு அனுமதிக் கடிதம் இருந்தது, ஒலி அளவுக்குச் சான்றிதழ் இருந்தது, நேரம் நாற்பது விநாடிக்குள் என்று குறிப்பு இருந்தது. வரிகளை ஒருவரும் படிக்கவில்லை. 'மணிமெட்டுக்கு வார்த்தை கிடையாது. ஆகவே வரிகள் பரிசீலனைக்கு உட்பட்டவை அல்ல' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, பதினோரு பேரும் முத்திரை வைத்தார்கள். வார்த்தை காற்றில் இல்லாவிட்டால் என்ன, ஊரில் ஒவ்வொருத்தர் வாயிலும் இருக்கிறதே என்று சொல்ல அவளுக்கு அன்று துணிவு வரவில்லை.

நிஷிவாக்கி கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கொஞ்சம் கோணலாக. "அப்ப நாங்க சின்னப் பசங்கம்மா. வாத்தியார் புடின்னாரு, புடிச்சோம்."

"புடிச்ச நீங்க இன்னிக்கு அவனுக்கு விழா எடுக்கறீங்க. குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறது இதுதான்."

"கத்தரி யார் கையில இருந்துச்சு?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "என் கையிலயா? பையனுங்க ரவுடியாப் போறானுங்க, ஒட்ட வெட்டுங்க சார்னு எழுதிக்குடுத்தது எங்கப்பனும் ஊர்ப் பெத்தவங்களும். வெட்டினது உங்கப்பா. புடிச்சது நான். இப்ப ஊரே மறந்து சந்தோஷமா இருக்கு. நீ ஏன்மா நோண்டறே? அது காதல் பாட்டு. காதல் பாட்டாவே இருந்துட்டுப் போகட்டும்."

தேநீருக்கு நன்றி சொல்லிக் குனிந்துவிட்டு அவர் போய்விட்டார். மிசாட்டோ அடுத்த கட்டை இட்சுகோவின் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் எண்ணினார்கள்.

மூன்றே முக்காலுக்கு எண்ணி முடித்தபோது யாரும் எதிர்பாராதது நடந்திருந்தது. 'இன்னும் எட்டு நாள்' நானூற்றுப் பன்னிரண்டு. 'கலங்கரை விளக்கின் கீழே' நானூற்று எட்டு. ஊரின் பெயர் வருகிற ஒரே பாட்டு என்பதால் கிழவர்களெல்லாம் அதற்குக் குத்தியிருந்தார்கள். "அய்யோ, நாலே நாலு! அக்கா, மறுபடி எண்ணணும். முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று மிசாட்டோ எழுந்து போனாள்.

நாலே நாலு. ஐந்து சீட்டுகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது கதை. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை இட்சுகோ. அவளுடைய விரல்கள் கடைசிக் கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றின. ஒன்று. இரண்டு. மூன்றாவது சீட்டில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரிந்த எழுத்து. மதிப்பெண் அட்டையிலும், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுகிற மருந்துக் குறிப்பிலும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கிற எழுத்து. 'இன்னும் எட்டு நாள்' என்பதற்கு நேரே வட்டம். காரணம் என்கிற கட்டத்தில் ஒரே வரி. 'இதை நான் தினமும் கேட்க வேண்டும்.' ஒகாபயாஷி முனேகாசு, வயது 86.

அவள் நின்றபடியே அதை மூன்று முறை படித்தாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவள் ரிமோட்டோடு பாய்ந்தபோதெல்லாம், கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தபோதெல்லாம், தெரியாதவர்போல வந்திருக்கிறார். யாரைக் காப்பாற்ற அவள் திருடப் போனாளோ அவரே மையெடுத்து வட்டம் போட்டிருக்கிறார். நிஷிவாக்கியின் மேல் வந்த கோபமெல்லாம் இப்போது வந்த கோபத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்று சீட்டுகளையும் கட்டில் திரும்பச் செருகி வளையத்தைப் போட்டாள்.

மறுபடி எண்ணியதில் ஒன்றும் மாறவில்லை. அன்று ஐந்து மணிக்கே வென்ற பாட்டின் சோதனை ஒலிபரப்பு என்பது முன்பே அறிவித்ததுதான். இயந்திரத்தில் பாட்டை ஏற்றி நேரத்தைக் குறித்தவள் இட்சுகோ. பொத்தானை அழுத்தினாள். கேட்க வேண்டுமா அப்பா? கேளுங்கள்.

"நீ பாத்துக்க. நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று மிசாட்டோவிடம் சொல்லிவிட்டு, அலுவலக அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்தாள்.

சாயங்காலத்தில் அப்பா அலைதடுப்புச் சுவரோரம் நடப்பார். அன்று மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் உள்ள சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மேல்சட்டைப் பைகளில் கைகள். அவள் கார்க் கதவைச் சாத்தின வேகத்தில் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்டே?"

"ஓட்டுப் போட்டீங்களா?"

அவர் கடலைப் பார்த்தார். "போட்டேன்."

"அது என்ன பாட்டுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அது வந்த வருஷமே கேசட் வாங்கிக் கேட்டேன். பள்ளிக்கூடத்துல, எல்லாரும் போனப்புறம். அவனுக்கு மூணு லெட்டர் எழுதினேன். எட்டு நாள் எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும், கேக்கலை, தப்புன்னு எழுதினேன். பதில் வரலை. வர வேண்டிய அவசியமும் இல்லை. தினம் கேட்டுட்டாவது போறேன்னு நெனச்சேன்."

மூன்று கடிதம். ரிட்டயர்டு வாத்தியார் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் மூன்று கடிதம். இட்சுகோவுக்குச் சிரிப்புகூட வந்தது, கசப்பான சிரிப்பு. "எனக்கு எத்தனை எழுதினீங்க?"

"உனக்கா?" அவர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "உனக்கு என்னம்மா?"

தோகுராவுக்கு வெட்டின அந்த வாரமே நடந்தது. அம்மா செத்த பையனின் தலையில் கைவைத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு; ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கேட்டில் சலுகை என்று எவனோ கிளப்பிவிட்டான். இரண்டு நாள் கழித்துக் காலையில், அதே வரிசையில், அவள் முறை வந்தபோது அப்பா ஸ்கேலை நீட்டினார். முன்முடி புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே இருந்தது. முந்தின நாள் ராத்திரி அம்மாவே வெட்டிவிட்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும், சாப்பாட்டு மேசையில் பார்த்தவர். ஆனாலும் ஸ்கேலை நெற்றியில் அழுத்தி வைத்து, அதன் மேலோடு கத்தரியை ஓட்டினார். 'யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதான்' என்று எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். அன்று வரிசையில் நின்ற தோகுராவும் பார்த்தான். அன்றைக்கு அப்புறம் அப்பா அவளுடைய தலையைத் தொட்டதே இல்லை. கல்யாணத்தன்று ஆசி சொல்லும்போதும் தொடவில்லை, அம்மாவின் சிதைக்கு முன்னால் அவள் உடைந்து அழுதபோதும் தொடவில்லை. பையனுக்கு ஒரு பாட்டு கிடைத்தது, நாற்பது வருஷக் கைதட்டல் கிடைத்தது, மூன்று மன்னிப்புக் கடிதம் கிடைத்தது. அந்தப் பாட்டில் அவள் ஒரு தலை, அவ்வளவுதான். பெயர்கூட இல்லாத தலை.

"என் முடியை வெட்டினீங்களே, ரெண்டு நாள் கழிச்சு. ஞாபகம் இருக்கா?"

"ஆமா... அது கொஞ்சம்தானே வெட்டினேன்? நீ வீட்டுப் பொண்ணு. புரிஞ்சுக்குவேன்னு..."

"கொஞ்சமா?" அவள் போட்ட சத்தத்தில் மீன் கூடத்து வாசலில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும். "விதிப்படி இருந்த முடிதானேப்பா அது! அவனாவது விதியை மீறினான். நான் என்ன பண்ணினேன்? உங்க பேர் கெடாம இருக்க என்னை வெட்டினீங்க. முப்பத்தஞ்சு வருஷம் உங்க காதைப் பொத்திக்கிட்டே அலைஞ்சிருக்கேன் நான், பைத்தியக்காரி. நீங்க ஸ்கூல்ல உக்காந்து கேசட் கேட்டிருக்கீங்க!"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது.

மீன் கூடத்துக் கம்பத்திலிருந்து முதல் மணி விழுந்தது. கிட்டார் இல்லை, தோல்வாத்தியம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி வெறும் மணியோசையில், பாதி வேகத்தில், அந்த மெட்டு. துறைமுகத்திலும் பள்ளிக்கூட மேட்டிலும் கோயில் மலையிலும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் கொஞ்சம் கொஞ்சம் பின்தங்கிப் பாட, ஊர் முழுக்க ஒரே பாட்டு பல தடவை கேட்டது. இட்சுகோ அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். வார்த்தை இல்லாத மெட்டாமே. அவள் வாயைத் திறந்து இரண்டாவது சரணத்தைப் பாடினாள். பாட்டு வராத தொண்டை. திட்டுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக அவர் முகத்தில் எறிந்தாள். வாசலில் நிற்கிறவனே. எனக்கு வலிக்கவில்லை. கீழே விழுந்ததை நீயே பெருக்கு.

மூன்றாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. அப்பா பாடினார். கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியார் உச்சரிப்பு பிசகாமல், ஒரு சொல்லும் தடுமாறாமல். 'உன் பெண்ணின் தலையைத் தடவும்போது' என்று அந்த வயதான குரல் சொன்னபோது அவளுடைய குரல் நின்றுவிட்டது. அவர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டு போனார். உன் கை நாறட்டும்.

"நிறுத்துங்க."

அவர் நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

"இது அவனோட பாட்டு. அவனுக்குப் பாடணும்னா அவன்கிட்ட போய்ப் பாடுங்க. என்கிட்ட வேண்டாம்."

மெட்டு முடிந்தது. கோயில் மலையின் கடைசி மணியும் அடங்கியது. இது சோதனை ஒலிபரப்பு, இது சோதனை ஒலிபரப்பு என்று மிசாட்டோவின் குரல் முப்பத்தொரு இடத்திலிருந்து சொல்லி ஓய்ந்தது. இட்சுகோ நரை கலந்த முன்முடியை உள்ளங்கையால் மேலே ஒதுக்கிப் பிடித்து நெற்றியைக் காட்டினாள்.

"இங்க. ஸ்கேலை இங்கதான் வச்சீங்க. பாருங்க."

அவர் படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து நிற்க நேரமாயிற்று. மேல்சட்டைப் பையிலிருந்து அவருடைய வலது கை வெளியே வந்து, மெல்ல உயர்ந்து, அவள் நெற்றிக்கு நேரே வந்து, தொடாமல் நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. அவள் பின்னால் நகரவில்லை. தலையைக் குனியவும் இல்லை.